இடது விலாவுக்குக் கீழே

ரோவீனா கார்க்கம் மூன்றாவது முறையாகக் கச்சைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, ஆர்டித் நிக்கிள் தையல் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த ஊசியைத் துணியில் செருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கடிக்குதுடி," என்றபடி ரோவீனா அதைப் பையிலிருந்து உருவி மேசைமேல் போட்டாள். "உன் கச்சு என்னை நாய் மாதிரி கடிக்குது. அதே இடம்."

"இடது பக்கமா?"

"இடது பக்கந்தான், கடைசி விலாவுக்குக் கீழ. குனிஞ்சா குத்துது. நிமிந்தா, குத்துன எடத்துலயே உக்காந்துக்குது, வாடகைக்கு வந்த மாதிரி."

ஆர்டித் சிரிக்க முயன்றாள். வரவில்லை. ஜூன் முதல் சனிக்கிழமை ஸ்டோன்ஹட் கோவ் கிராமம் பார்வையாளர்களுக்குத் திறக்கிறது. அதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மீனவக் கிராமமாகவே அந்த இடத்தை வைத்திருந்தார்கள். கொல்லன், பீப்பாய் செய்பவன், பாதிரியின் மனைவி என்று வேஷம் கட்டிய முப்பது பேர் அந்தக் காலத்து உடையில் நாள் முழுக்க அங்கே நடமாடுவார்கள். அத்தனை பேருக்கும் உடை தைப்பவள் ஆர்டித். பெரிய அடுப்பு வீட்டில் சமைத்துக் காட்டுபவள் ரோவீனா. பதினோரு கோடையாக அவள்தான். அவள் பேச்சைக் கேட்கவே ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்.

கச்சு, அதாவது பெண்கள் மார்பிலிருந்து இடுப்புவரை கயிறு போட்டு இறுக்கிக் கட்டும் அந்தக் கால உள்ளுடுப்பு, லேசான சமாசாரமில்லை. மூன்றடுக்கு லினன் துணி, அதில் நெருக்கி நெருக்கித் தைத்த அறுபது ஒல்லிக் குழல்கள், ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு எலும்பு. எலும்பு என்பது பேருக்குத்தான். அந்தக் காலத்தில் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகட்டைக் கீறிச் செருகினார்கள். இன்று அது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அதனால் ஒவ்வொரு கச்சுக்கும் ஆர்டித் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: பிரம்பா, பிளாஸ்டிக்கா, ஸ்டீலா?

ஸ்டீல் என்றாலே அவளுக்கு இரண்டு வருஷமாகக் கை போவதில்லை. டாம்சின் என்ற கல்லூரிப் பெண்ணுக்கு ஸ்டீல் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். ஒரு பட்டையின் முனையில் மாட்டிய மூடி கழன்று, பட்டை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பெண்ணின் அக்குளைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். டாம்சின் அன்றைக்கே மன்னித்துவிட்டாள். ஆர்டித்தால்தான் முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு எலும்பின் முனையையும் மூன்று தரம் அரம் போட்டு, கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் குழலுக்குள் விடுவாள்.

ரோவீனாவுக்கு முதலில் வைத்தது கூடை முடையும் பிரம்பு. அடுப்படியில் வேகிறவளுக்கு அதுதான் காற்றோட்டம், கனமும் இருக்காது. ஒரு வாரத்தில் முதல் புகார் வந்தது. ஆர்டித் குழலைப் பிரித்துப் பார்த்தாள். இடுப்பு மடியும் இடத்தில் இரண்டு பிரம்பு முறிந்திருந்தது. அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது. அடுத்ததாக, இரும்புக் கடையில் விற்கும், வயர்களைக் கட்டுகிற நீள பிளாஸ்டிக் பட்டைகளை வாங்கித் தலையை நறுக்கிவிட்டுச் செருகினாள். முறியவே முறியாது. இரண்டாவது புகார் வந்தபோது, சூட்டில் பட்டை வளைந்து உள்ளே அழுத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவதாக, பாதிரியின் மனைவிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஜெர்மன் சரக்கையே எடுத்துவிட்டாள். திமிங்கில எலும்பு போலவே செய்த பிளாஸ்டிக் அது. உடம்புச் சூட்டுக்கு இளகி, உடம்பின் வடிவத்துக்கே படிந்துவிடும். அதைவிட நல்லது கிடையாது.

அதுவும் இப்போது கடிக்கிறது என்கிறாள்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள் ஆர்டித். "எங்கயோ தையல் விட்டிருப்பேன்."

"ஏய், நான் உன்னை ஏதாவது சொன்னேனா? குத்துதுன்னு சொன்னேன், அவ்வளவுதான். நான் மெலிஞ்சு போனதால கூட இருக்கலாம். பதினாலு பவுண்டு போயிருச்சு தெரியுமா? ஒண்ணும் பண்ணல. அரை மீன் வடை தின்னா போதும், வயிறு ரொம்பிடுது. எல்லாரும் காசு குடுத்து மெலியுறாங்க, எனக்குச் சும்மா வருது."

அப்போது கிளைட் ஸ்விக்கர் எட்டிப் பார்த்தார். கிராமத்தின் மேலாளர். எப்போதும் கையில் ஒரு பட்டியல் இருக்கும்.

"இன்னும் முடியலையா? ஆர்டித், உங்களுக்கு இன்னும் ஒன்பது பேர் பாக்கி."

"இதை நாளைக்கு முடிச்சிருவேன்."

"ரோவீனா, கொஞ்சம் பொறுத்துப் போகக் கூடாதா? அந்தக் காலத்துப் பொம்பளைங்க எல்லாம் இதைப் போட்டுக்கிட்டுத்தானே பிள்ளை பெத்தாங்க."

"நீங்க ஒரு நாள் போட்டுக்கிட்டுப் பெத்துக் காட்டுங்க கிளைட், அப்புறம் நான் பொறுத்துப் போறேன்."

அவர் காது சிவக்கப் போய்விட்டார்.

அன்று மாலை ஆர்டித் கச்சின் இடது பக்கத்தை ஜன்னலோரம் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு குழலாகப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. முனைகளைக் கன்னத்தில் தேய்த்தாள். கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருந்தன. பிறகு, இனி செய்வதற்கு வேறெதுவும் தோன்றாமல், குத்துகிறது என்று சொன்ன இடத்திலிருந்த மூன்று எலும்பையும் மொத்தமாக உருவிவிட்டாள். அந்த மூன்று குழலும் காலி. வெறும் துணி எப்படிக் குத்தும்?

மறுநாள் காலை ரோவீனா கைகளைத் தூக்கி நின்றாள். ஆர்டித் பின்னால் நின்று கயிற்றைக் கோத்து இழுத்தாள்.

"மூச்ச விடு. இப்ப எப்படி இருக்கு?"

ரோவீனா ஒரு தரம் குனிந்தாள். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அதே எடம்."

"ரோவீனா, அங்க எலும்பே இல்ல."

"இல்லைன்னா என்ன? குத்துதே. இப்பக் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. உள்ளேருந்து வெளிய தள்ளுற மாதிரி."

ஆர்டித்தின் கைகள் கயிற்றிலேயே நின்றுவிட்டன. முதுகுப் பக்கம் கச்சின் இரண்டு ஓரமும் நேராக எதிரெதிரே நிற்க வேண்டும். இங்கே இடது ஓரம் சாய்ந்து, நடு முதுகெலும்பை விட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தது. மூன்று தரம் கட்டிப் பார்த்தும் அவள் கண்ணில் அது படவில்லை. எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றை அவிழ்த்துவிட்டு அளவு நாடாவை எடுத்தாள். முதுகெலும்பிலிருந்து முன் நடு வரைக்கும், வலது பாதி தனியாக, இடது பாதி தனியாக அளந்தாள். போன வருஷம் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய அளவு ஆணியில் தொங்கியது. அதில் இரண்டு பாதியும் சரியாகப் பதினாலு அங்குலம். இப்போது வலது பதின்மூன்றே கால். மெலிந்தவளுக்கு அது சரிதான். இடது பதினாலே முக்கால்.

தப்பாக அளந்துவிட்டோமென்று மறுபடி அளந்தாள். பதினாலே முக்கால்.

"என்னடி, சவப்பெட்டிக்கா அளவு எடுக்கிற?"

"சும்மா இரு. தப்பா எடுத்துக்காத, ஒரே நிமிஷம்." ஆர்டித் உள்சட்டைமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, இரண்டு பக்கமும் விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தினாள். வலது பக்கம் பிசைந்த மாவு போலக் கை உள்ளே போனது. இடது பக்கம் போகவில்லை. அங்கே ஏதோ கெட்டியாக, ஒரு ரொட்டியின் காய்ந்த முனை போல, இருந்தது. ரோவீனா மூச்சை இழுத்தபோது அது கீழே இறங்கி வந்து அவள் விரலை இடித்தது.

ஆர்டித் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"நாளைக்கு வா," என்று மட்டும் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

அதற்கு அவள் பிறகு வெகுநாள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. சொல்லி, அது ஒன்றுமில்லாமல் போனால்? ஊரெல்லாம் கிண்டல் பண்ணும். சொல்லாமல் விட்டு, அது ஏதாவதாக இருந்துவிட்டால்? வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நர்ஸ் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இருபத்தைந்து நிமிஷம் போனில் பாட்டு ஓடிய பிறகு ஒரு குரல் வந்தது.

"நோயாளி பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல. நான் அவங்களுக்குத் துணி தைக்கிறவ."

"சரி, சொல்லுங்க." ஆர்டித் சொன்னாள். சாப்பாடு, எடை, அந்தக் கெட்டி. மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "போன்ல ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஆனா அவங்களை உடனே ஒரு டாக்டர் பாக்கணும். அதுவரைக்கும் அந்த எடத்துல இறுக்கமா எதையும் கட்ட வேண்டாம், அடி படாம பாத்துக்கணும். இது கண்டிப்பா."

இறுக்கமா எதையும் கட்ட வேண்டாம். மூன்று வாரமாக அவள் செய்துகொண்டிருந்ததே அதுதான். கட்டிக் கட்டி, 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சொன்னாள். எவ்வளவோ பக்குவமாகச் சொல்ல வேண்டுமென்று காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தும், ரோவீனாவைப் பார்த்ததும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

ரோவீனா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நீ தையக்காரி. டாக்டர் இல்ல."

"அதனாலதான் டாக்டர்கிட்டப் போன்னு சொல்றேன்."

"எந்த டாக்டர்? எங்க டாக்டர் ரிட்டயராகி நாலு வருஷமாச்சு. புது டாக்டருக்குப் பட்டியல்ல பேரு குடுத்துக் காத்துக் கெடக்கேன். எமர்ஜென்சிக்குப் போனா ஒரு நாள் பூரா உக்காத்தி வெப்பாங்க. என்னன்னு சொல்றது? என் கச்சு இறுக்குதுன்னா?"

"அளவு மாறியிருக்கு ரோவீனா. ஒரு பக்கம் மட்டும்."

"உன் அளவு தப்பு. உனக்குக் கச்சு ஒழுங்காத் தைக்கத் தெரியல, அதுக்கு என்னை நோயாளி ஆக்குற. டாம்சின் விஷயத்துக்கு அப்புறம் உனக்கு எதைப் பாத்தாலும் பயம். குடு அதை. குத்தினாக் குத்திட்டுப் போகுது, நான் போட்டுக்கிறேன்."

அவள் கையை நீட்டினாள். அந்தப் பேர் ஆர்டித்தின் நெஞ்சில் சரியாகப் போய் இறங்கியது. ஒருவேளை அவள் சொல்வது உண்மையோ? பயந்து பயந்தே கை தப்பாக அளந்துவிட்டதோ? ஆனால் விரலை இடித்த அந்தக் கெட்டி இன்னும் விரலிலேயே இருந்தது. கச்சைக் கொடுப்பதற்குப் பதில், மேசைமேலிருந்த தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள். கச்சின் அடி ஓரத்தை ஒரே இழுப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பிரித்தாள். தலைகீழாகப் பிடித்து உதறினாள். எலும்புகள் சளசளவென்று தரையில் கொட்டின. கொட்டாததை ஒவ்வொன்றாக உருவினாள். மூன்று வாரத்து வேலை. கையில் மிச்சமிருந்தது ஒரு தொளதொளத் துணி.

"பைத்தியமாடி உனக்கு?" ரோவீனாவின் குரல் உடைந்தது.

"போட்டுக்கோ," என்றாள் ஆர்டித். "இப்பப் போட்டுக்கோ."

ரோவீனா கதவை அறைந்துவிட்டுப் போனாள். சத்தம் கேட்டு வந்த கிளைட், தரையைப் பார்த்தார், ஆர்டித்தைப் பார்த்தார். "அடுப்பு வீட்டுக்கு அடுத்த சனிக்கிழமை ஆளு வேணும்," என்றார் மெதுவாக. "நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" ஆர்டித் குனிந்து எலும்புகளைப் பொறுக்கினாள். தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அதற்கு மறுநாள் பிற்பகல், போன வருஷக் காகித அளவையும், புது அளவில் வெட்டிய இன்னொன்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு ரோவீனாவின் வீட்டுக்குக் காரை ஓட்டினாள். கதவைத் திறந்தவன் ரோவீனாவின் கணவன் எல்ட்ரட். மீன்பிடிப் படகிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். சிங்கி இறால் பருவம் முடியப் போகிற கடைசி நாட்கள், விடியுமுன் போனால் மத்தியானம்தான் கரை. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவன் பின்னால் சோபாவில் ரோவீனா போர்வைக்குள் கிடந்தாள்.

"அவளை உள்ள விடாத," என்றாள் ரோவீனா.

எல்ட்ரட் வழிவிட்டான். ஆர்டித் சமையல் மேசையில் போன வருஷக் காகிதத்தை விரித்தாள். அதன்மேல் நேற்று வெட்டிய இந்த வருஷக் காகிதத்தை வைத்தாள். வலது பக்கம் புதியது பழையதற்குள் அடங்கியது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

எல்ட்ரட் குனிந்து பார்த்தான். படகு இழுக்கும் தடித்த விரலால் துருத்திய ஓரத்தைத் தடவினான்.

"ரோ," என்றான். "ராத்திரி வேர்த்துப் போர்வை நனையுறதை இவகிட்டச் சொன்னியா?"

"எல்ட்ரட், வாய மூடு."

"தெனமும் ரெண்டு தரம் விரிப்பு மாத்துறா," என்று ஆர்டித்திடம் சொன்னான். "மாதவிலக்கு நிக்கிற வயசு, அதான்னா. எனக்கென்ன தெரியும்? நானும் சரின்னேன்." அவன் கண் கலங்கிவிட்டது. கார்ச் சாவியை எடுத்தான். "எந்திரி."

"கால்ல பூட்ஸோடவா?"

"பூட்ஸோடத்தான். எந்திரி ரோ."

மருத்துவமனையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் முதலில் கேட்டபோது, "லேசா வலி, அவ்வளவுதான்," என்றாள் ரோவீனா. அவள் பெயர் வரிசையில் கீழே போயிற்று. ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் ஆர்டித் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு பையன் தன் ஊன்றுகோலைச் சுழற்றி விளையாடிக்கொண்டு அந்த வரிசையில் வந்தபோது, ரோவீனாவுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டாள்.

"உக்காருடி," என்றாள் ரோவீனா. "கோல்கீப்பர் மாதிரி நிக்காத." கொஞ்சம் கழித்து, வேறெங்கோ பார்த்தபடி, "டாம்சினைப் பத்திச் சொன்னது தப்பு," என்றாள்.

"பரவால்ல."

"பரவால்லன்னு இல்ல. தப்பு."

நான்கு மணி நேரம் கழித்து ஆர்டித்தால் பொறுக்க முடியவில்லை. காகிதச் சுருளோடு நர்ஸின் கண்ணாடி ஜன்னலுக்குப் போய், அங்கேயே விரித்துக் காட்டிவிட்டாள். நர்ஸ் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்ததும் உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் ரோவீனாவைக் கூப்பிட்டார்கள்.

இளம் டாக்டர் ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு விரலின் நுனியால் மட்டும் தொட்டார். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்றார் அவர். ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏகத்துக்கும் கூடியிருக்கின்றன. காலையில் ஹாலிஃபாக்ஸுக்கு அனுப்ப வேண்டும்.

"இறுக்கமா ஏதாவது உடுத்துறீங்களா?" என்று கேட்டார்.

ரோவீனா ஆர்டித்தைப் பார்த்தாள். "உடுத்திட்டிருந்தேன்," என்றாள். "இவ பிடுங்கிட்டா."

"நல்ல வேளை. இவ்வளவு வீங்கினது கிழிஞ்சா, இங்க வந்து சேர்றதுக்குள்ளயே கஷ்டம்."

ஆர்டித் வெளியே நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். மூன்று வாரமாகக் கயிற்றை இழுத்த கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

ரத்தப் புற்றுநோய் என்று பத்து நாள் கழித்து உறுதியாயிற்று. மெதுவாகப் போகிற வகை, தினம் ஒரு மாத்திரையில் அடக்கி வைக்கலாம், பலர் அப்படியே முழு ஆயுளும் இருக்கிறார்கள் என்றார் ஹாலிஃபாக்ஸ் டாக்டர். பலர் என்றால் எத்தனை பேர் என்று ஆர்டித் ரோவீனாவிடம் போனில் கேட்டாள். "நான் கேக்கல," என்றாள் ரோவீனா. "நீயும் கேக்காத."

கிராமம் சொன்ன தேதியில் திறந்தது. அடுப்பு வீட்டில் வேறொருத்தியை நிறுத்தினார்கள். கிளைட் ஒரு நாள் தையல் அறைக்கு வந்து, பட்டியல் இல்லாத வெறுங்கையோடு நின்றார். "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றார். பிறகு, பாக்கியிருக்கும் கச்சுகளை அவசரமில்லாமல் தைக்கலாம், அதுவரை எலும்பில்லாத தளர் சட்டையில் ஆட்கள் நிற்கட்டும், அந்தக் காலத்திலும் பாதிப் பெண்கள் அப்படித்தானே நின்றார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்டித்துக்கு அந்தக் கோடை முழுக்க நிம்மதி இல்லை. பாதிரியின் மனைவிக்கு அளவெடுக்கும்போது வலது பாதியும் இடது பாதியும் கால் அங்குலம் வித்தியாசப்பட்டது என்று அவளைக் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தாள். முதுகு லேசாக வளைந்திருக்கிறது, பிறவியிலேயே அப்படி, ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள் அவள். ஆர்டித் வெட்கப்பட்டாள். அடுத்தவளையும் இரண்டு பாதியாகத்தான் அளந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம் ரோவீனா வந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றி மாத்திரையின் வீக்கம். கையில் ஒரு டப்பா நிறைய நாவல் நிறப் பெர்ரிக் களி.

"வர்ற வழியில அடுப்பு வீட்டுக்குப் போனேன்," என்றாள். "அந்தப் பொண்ணு முட்டைக்கோஸை வேக வெக்கிறாளா, தண்டனை குடுக்கிறாளா? கூட்டம் கை தட்டுது. எனக்கு வயித்தெரிச்சல்."

"ஸ்கேன் என்ன சொல்லுது?"

"சின்னதாயிட்டு வருதாம். முழுசா இல்ல. இன்னும் மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

"மூணு மாசமா?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட." ரோவீனா டப்பாவைத் திறந்து இரண்டு கிண்ணமும் கரண்டியும் தேடினாள். "மூணு மாசமும் நீ எனக்காகச் சேத்துப் பயந்துக்கோ, எனக்கு வேலை இருக்கு. இப்பச் சாப்பிடு. நான் இன்னிக்கு முழுக் கிண்ணமும் சாப்பிடப் போறேன், நீ எண்ணிக்கிட்டே இரு."

அவள் நான்கு கரண்டி சாப்பிட்டாள். ஐந்தாவதைப் பாதியில் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அதையும் எடுத்துச் சாப்பிட்டாள்.